சின்னப் பட்டறையா, பெரிய கொம்பனியா: பொட்டம் பிராக்கட் மாற்ற நினைப்பவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை எனக்கு விளங்கிய அளவில் திருப்பிச் சொல்கிறேன். ஜப்பானில் இருந்து கொள்கலனில் வந்த பழைய இரும்பு பிரேம் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் இருந்து மரைன் டிரைவ், காலிமுகத்திடல் வழியாகக் கோட்டைக்குத் தினமும் வேலைக்குப் போகிறீர்கள். கொஞ்ச நாளாக மிதிக்கும்போது அடியில் கரகரப்பு; கிராங்கை, அதாவது பெடல் பூட்டிய கையைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஆட்டம். திருத்தும் கடையில் பொட்டம் பிராக்கட்டை, அதாவது கிராங்குகளின் அச்சைப் பேரிங்கோடு பிரேமின் அடியில் தாங்கும் பகுதியை (சுருக்கமாக பீபீ) மாற்றி, பெரிய கொம்பனியான ஷிமானோவின் யூஎன்300 போடச் சொன்னார்கள். டிசம்பரில் ரொறன்ரோவில் இருந்து வரும் அக்கா, பில் வூட் அல்லது கிறிஸ் கிங் போன்ற சின்னக் கொம்பனி ஒன்றின் சாமானைக் கொண்டுவரத் தயார். விலை ஐந்தாறு மடங்கு. "எது நல்லது?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் "ஒரு தடவை காசைப் போட்டால் பிறகு அந்தப் பக்கம் பார்க்கத் தேவையில்லைத்தானே?" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கொழும்பில் சைக்கிள் திருத்துகிறேன். தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், மாமாவின் கடையில். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் இல்லை, குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. கொட்டர் பின் என்ற ஆப்பை அடித்துப் பூட்டிய கிராங், குண்டுகள் உட்காரும் இரண்டு கப், பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டுகள் பதினொன்று, இதுதான் அன்றைய பீபீ. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, குண்டுகளை வெள்ளைத் துணியில் உருட்டிப் பார்ப்போம். ஒரு குண்டில் புள்ளி விழுந்திருந்தாலும் மாமா பதினொன்றையும் மாற்றச் சொல்வார். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் மற்றதைவிட அது ஒரு நூல் பெரிதாக இருக்கும், பாரம் முழுக்க அதன் தலையில்தான் விழும் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்கு என்பது பிறகு பேரிங் பற்றிப் படித்தபோது விளங்கியது. அந்தப் பழக்கத்தால், திறந்து திருத்தக்கூடிய சாமான் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. இனி நான் சொல்வதை அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். கிறிஸ் கிங் உங்களுக்குச் சரிவராது. அவர்களுடைய பொட்டம் பிராக்கட் 24 மில்லிமீட்டர், 30 மில்லிமீட்டர் போன்ற குழாய் அச்சு, கிராங்கோடு சேர்ந்தே வரும் வகைக்கானது. நீங்கள் போட்ட படத்தில் இருப்பது சதுர முனை அச்சில் ஏறும் பழைய கிராங். அதற்குப் பில் வூட் பொருந்தும், வைட் இன்டஸ்ட்ரீஸ் பொருந்தும், யூஎன்300 பொருந்தும். கிராங்கையும் சேர்த்து மாற்றினால் ஒழிய கிறிஸ் கிங்கை மறந்துவிடுங்கள். இதைக் கவனிக்காமல் வெளிநாட்டில் இருந்து சாமானை வரவழைத்து, பெட்டியோடு அலுமாரியில் வைத்திருக்கும் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

அடுத்தது, "சின்னக் கொம்பனி" என்று எல்லாரையும் ஒரே கூடையில் போடுகிறோமே, அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. பில் வூட் 1971இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் தொடங்கியது. கிறிஸ் கிங் 1976, வைட் இன்டஸ்ட்ரீஸ் 1978, இங்கிலாந்தின் பார்னொல்ட்ஸ்விக்கில் இருக்கும் ஹோப் 1989. ஷிமானோவின் 1921, இத்தாலியின் கம்பக்னோலோவின் 1933 பக்கத்தில் வைத்தால் இவர்கள் இளையவர்கள். ஆனாலும் ஐம்பது வருடம் ஒரே வேலையைச் செய்யும் இடத்தைப் புதிது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஷிமானோவும் ஒசாக்கா பக்கத்துச் சக்காய் நகரில், இரவல் வாங்கிய ஒரு லேத்தோடு தொடங்கியதுதான். இவர்களைத் தவிர, கணினி லேத் ஒன்றை வைத்துக்கொண்டு நான்கு வருடமாக இணையத்தில் விற்கும் பட்டறைகள் இருக்கின்றன. பெயரே இல்லாமல் மினுமினுக்கும் நிறத்தில் வரும் சாமான்களும் இருக்கின்றன. மூன்றும் மூன்று விதம். முதலாவதை நம்புவதற்குக் காரணம் உண்டு. இரண்டாவதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மூன்றாவதைப் பற்றிக் கதைக்க வேண்டியதே இல்லை.

சரி, அந்தக் கூடுதல் காசு எதற்குப் போகிறது? பேரிங்குக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. சின்னப் பட்டறைகளில் அனேகமானவை பேரிங்கை வெளியில் இருந்துதான் வாங்குகின்றன. கிறிஸ் கிங் தன் பேரிங்கைத் தானே செய்வது விதிவிலக்கு. உங்கள் நண்பர் ஒருவர் புதிய வகைக் கிராங் வைத்திருந்தால் கப்பில் இருக்கும் பேரிங்கின் இலக்கத்தைப் பாருங்கள். 6805 என்று இருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 37 மில்லிமீட்டர். 24 மில்லிமீட்டர் அச்சோடு சேர நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். 30 மில்லிமீட்டர் அச்சுள்ள பீபீ30 வகை என்றால் 6806. உள்விட்டம் 30, வெளிவிட்டம் 42, தடிப்பு 7. இவை உலகம் முழுக்க ஒரே அளவில் வரும் தொழிற்சாலைப் பேரிங்குகள். பஞ்சிகாவத்தையில் வாகன சாமான் வாங்கப் போகும்போது பேரிங் கடையில் இலக்கத்தைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இலக்கத்துக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்க வேண்டும், இரு பக்கமும் ரப்பர் சீல் என்று அர்த்தம். இசட்இசட் என்றால் இரும்புத் தகடு. அது தூசியை மறிக்கும், நீரை மறிக்காது. கொழும்பில் ஓடும் சைக்கிளுக்கு அது வேண்டாம்.

ஆகவே நல்ல சின்னப் பட்டறை விற்பது குண்டுகளை அல்ல. குண்டு உட்காரும் வீட்டை விற்கிறது. அந்த வீடு எவ்வளவு வட்டமாக இருக்கிறது, இரண்டு பக்கப் பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா, சீல் எப்படி உட்காருகிறது, அச்சு என்ன இரும்பு, பேரிங் தேய்ந்தால் அதை மட்டும் எடுத்து மாற்ற முடியுமா, இவற்றுக்குத்தான் காசு. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். யூஎன்300 ஒரு மூடிய உருளை. உள்ளே தேய்ந்தால் முழுவதையும் எறிந்துவிட்டு இன்னொன்று பூட்ட வேண்டியதுதான். பில் வூட் போன்றவற்றில் அச்சை அழுத்தி வெளியே எடுத்துப் பேரிங்கைப் புதிதாகப் போடலாம். அச்சும் உறையும் அப்படியே இருக்கும். மாமாவின் கடையில் வளர்ந்த எனக்கு இது பெரிய விஷயம். ஆனால் அதற்கு ஒரு பிரஸ் வேண்டும், அதற்கேற்ற அடைகள் வேண்டும், செய்யத் தெரிந்த கை வேண்டும். சுத்தியலால் தட்டிப் போட்டால் புதிய பேரிங்கின் ஓடுபாதையில் அன்றைக்கே பள்ளம் விழும். கொழும்பில் இதைப் பொறுமையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முடக்கிலும் இருக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன்.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு அது உதவும். இந்தத் துறையில் புதிய யோசனைகள் பல சின்ன இடங்களில் இருந்து வந்தன. அவை ஊர் ஊராகப் பரவியது பெரியவர்களால். பேரிங்கைப் பிரேமுக்கு வெளியே வைத்து அச்சைத் தடிப்பாக்கும் யோசனையை 1990களின் தொடக்கத்திலேயே மேஜிக் மோட்டார்சைக்கிள் என்ற சின்ன அமெரிக்கப் பட்டறை செய்தது. அதை ஷிமானோ 2003ஐ ஒட்டி ஹொலோடெக் டூ என்று எல்லாருக்கும் கொண்டு வந்தது. அந்த 24 மில்லிமீட்டர் வழி பிறகு எங்கும் பரவியது. மறுபக்கமும் உண்டு. 1990களின் கடைசியில் ஷிமானோவின் ஒக்டாலிங்க் என்ற கிராங்-அச்சு இணைப்பு முறைக்குப் பதிலாக, கிறிஸ் கிங், ரேஸ் பேஸ், ட்ரூவட்டிவ் மூன்றும் சேர்ந்து யாரும் செய்யக்கூடிய ஒரு பொது அளவை வெளியிட்டன. ஐசிஸ் டிரைவ் என்று பெயர். நோக்கம் நல்லது. ஆனால் தடித்த அச்சைப் பழைய பிரேம் ஓட்டைக்குள் வைத்ததால் குண்டுகளுக்கு இடம் குறைந்துபோய், அவை சீக்கிரம் தேய்ந்தன. இன்று அந்தக் கிராங்குக்குச் சாமான் தேடுபவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். பிறகு கெனண்டேல் கொண்டு வந்த பீபீ30, அதன் வழியில் வந்த அழுத்திப் பூட்டும் வகைகள், அவற்றின் கீச்சிடும் சத்தம், அதற்குப் பதிலாக 2015இல் கிறிஸ் கிங்கும் ஆர்கனோட் என்ற சின்னப் பிரேம் பட்டறையும் கொண்டு வந்த, திரெட்டில் பூட்டும் டி47 என்று கதை நீளும். அந்த டி47ஐ இப்போது ட்ரெக் போன்ற பெரிய கொம்பனிகளே பாவிக்கின்றன. உங்கள் பிரேமுக்கு இந்தச் சண்டை எதுவும் இல்லை. பழைய பிஎஸ்ஏ அளவு, 68 மில்லிமீட்டர் அகலம், 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 திரெட். பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த கொம்பனியின் பெயரில் வந்த அளவு. அதற்குச் சாமான் இல்லாத நாள் வரும் என்று நான் நினைக்கவில்லை.

இனிக் கொழும்புக் கதைக்கு வருவோம். உங்கள் பீபீயைக் கொன்றது என்ன என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. போன வருடம் உங்களைப் போலவே மரைன் டிரைவில் ஓடும் ஒருவர் சைக்கிளைக் கொண்டு வந்தார். சீட் தண்டைக் கழற்றிவிட்டுப் பிரேமைத் தலைகீழாகப் பிடித்தேன். கடும் தேத்தண்ணி நிறத்தில் அரைக் கோப்பை நீர் தரையில் ஊற்றியது. நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, காய்ந்த பிறகு சீமெந்தில் வெள்ளைப் படலம் நின்றது, உப்பு. அந்த நீர் கப் வழியாக வரவில்லை. சீட் குழாயின் பின்பக்க வெட்டு வழியாக, பின்சில்லு எறியும் மழை நீர் மெல்ல மெல்ல இறங்கி, அடியில் உள்ள கிண்ணத்தில் தேங்கி நின்றிருக்கிறது. பொட்டம் பிராக்கட் மாதக் கணக்கில் அந்த உப்பு நீரில் ஊறியிருக்கிறது. அதை எந்தக் கொம்பனி செய்திருந்தாலும் முடிவு ஒன்றுதான். நான் செய்தது, பிரேமின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு வடிகால் துளை போட்டு, உள்ளே துரு எதிர்ப்பு எண்ணெய் பூசி, சீட் வெட்டின் மேல் பழைய டியூப் துண்டு ஒன்றை வளையமாக மாட்டியது. பிறகுதான் புதிய உருளையைப் பூட்டினேன். சில பிரேம்களில் அந்தத் துளை பிறப்பிலேயே இருக்கும், ஆனால் சேறு அடைத்துப் போயிருக்கும். உங்கள் பிரேமில் முதலில் அதைப் பாருங்கள்.

இதே காரணத்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தப் பீபீயைப் போட்டாலும், அதைப் போடுவதற்கு முன் பிரேமின் திரெட்டைத் தட்டி (tap) என்ற திரெட் வெட்டும் ஆயுதத்தால் ஒரு தடவை சுத்தம் செய்து, பீபீ உட்காரும் குழாயின் இரண்டு முகங்களையும் சீவி நேராக்க வேண்டும். பழைய பிரேமில் பெயின்றும் துருவும் சேர்ந்து முகம் மேடுபள்ளமாக இருக்கும். கப் சரிந்து உட்கார்ந்தால் இரண்டு பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் இராது. யூஎன்300 ஒரே உருளையாக இருப்பதால் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். தனித்தனிக் கப் வரும் வெளிப் பேரிங் வகை பொறுக்காது. விலை உயர்ந்த, நெருக்கமான அளவில் செய்த சாமானைச் சரிந்த முகத்தில் பூட்டுவதால் அந்த நெருக்கமான அளவு வீணாகிறது. முகம் சீவும் ஆயுதம் விலை கூடியது, எல்லாக் கடையிலும் இராது. "திரெட் அடித்து, முகம் சீவித் தருவீர்களா?" என்று கேளுங்கள். கேள்வி விளங்காவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வலது பக்கக் கப்பின் திரெட் இடது கைத் திரெட் என்பதையும் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் நீங்களே கழற்றப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். செயின் இருக்கும் பக்கம் அது. கழற்ற மணிக்கூட்டின் முள் போகும் திசையில் திருப்ப வேண்டும். இது வீம்புக்கு வைத்ததல்ல. அச்சு பேரிங்கில் உருளும்போது, கப் மிதிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கமாக நகரப் பார்க்கும். ஒரு பென்சிலைக் கையின் வளைந்த விரல்களுக்குள் தளர்வாகப் பிடித்து நுனியை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள், பென்சில் எதிர்த்திசையில் தானாகத் திரும்பும். அந்த நகர்வு கப்பை இறுக்கும்படி பிஎஸ்ஏ அளவில் திரெட்டை மாற்றி வெட்டினார்கள். இத்தாலி அளவில் இரண்டு பக்கமும் வலது கைத் திரெட், அதனால் அந்தப் பிரேம்களில் வலது கப் தளர்வது பழைய பிரச்சினை.

இப்போது பெரிய கொம்பனியின் பக்கம் நின்று பேசுகிறேன். ஷிமானோ உருளையின் பெரும் பலம், நான் பூட்டிய ஐந்நூறாவதும் முதலாவதைப் போலவே இருப்பது. கழற்றும் ஆயுதம், இருபது பல் கொண்ட அந்தச் சாக்கெட், கொழும்பில் எந்தக் கடையிலும் இருக்கும். பயணத்தில் அனுராதபுரத்திலோ மட்டக்களப்பிலோ பழுதானாலும் யாராவது கழற்றித் தருவார்கள். டாம் வீதியில் ஒரு சுற்றுச் சுற்றினால் உங்கள் அச்சு நீளத்துக்கு ஒன்று கிடைக்கும். பூட்டி விட்டால் பிறகு சீர்செய்ய எதுவும் இல்லை. என் கைக்கு வரும் சைக்கிள்களில், வடிகால் சரியாக உள்ள பிரேமில், தினமும் ஓடினாலும் மூன்று நான்கு வருடம் தாங்குவதைப் பார்க்கிறேன். கடலோரம் ஓடாதவர்களிடம் இன்னும் கூட. அந்த விலைக்கு இது உண்மையிலேயே பெரிய விஷயம். இதைச் சின்னப் பட்டறை எதுவும் செய்து காட்ட முடியாது, ஏனென்றால் இது இலட்சக்கணக்கில் செய்வதால் வரும் பலம்.

அதே பெரிய பெயருக்கு ஒரு ஆபத்தும் இருக்கிறது, போலி. பெயர் பெரிதாக இருந்தால் அந்தப் பெயரைப் போட்டு விற்க ஆட்கள் வருவார்கள். பேரிங் உலகில் எஸ்கேஎப், என்எஸ்கே போன்ற பெயர்களுக்கு இது நீண்ட காலத் தலைவலி. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய் எல்லாரும் சைக்கிளுக்கு மாறியபோது, சாமானுக்குத் தட்டுப்பாடு, விலை ஏற்றம். அந்த நேரம் என் கைக்கும் ஒரு சில வந்தன. பெட்டி வடிவாக இருந்தது. அச்சின் சதுர முனையில் கிராங்கை ஏற்றி இறுக்கியபோதுதான் தெரிந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிக் கிராங் உள்ளே போய், பல்சக்கரம் செயின் ஸ்டேயை, அதாவது பின்சில்லை நோக்கிப் போகும் பிரேம் குழாயைத் தொட ஒரு மயிரிழை இடைவெளிதான் நின்றது. சதுரத்தின் அளவு பிழை. கழற்றிப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிந்தது. பெட்டியை மட்டும் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்று இப்போது நான் யாருக்கும் சொல்வதில்லை. வழமையாக வாங்கும் இடத்தில், பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். பில் வூட்டைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை, அக்கா நேரே வாங்கி வந்தால் அந்தக் கவலை இல்லை.

சின்னவர்கள் உண்மையில் தேவைப்படும் இடம் வேறு. பழைய பிரெஞ்சு பிரேம், சுவிஸ் பிரேம் வைத்திருந்தால் பெரியவர்கள் அந்த அளவுகளை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். பில் வூட் உருளையில் அச்சும் பேரிங்கும் ஒன்று, அதைப் பிரேமில் பிடிக்கும் வளையங்கள் வேறு. வளையத்தை மட்டும் மாற்றினால் பிரெஞ்சுக்கும் போகும், இத்தாலிக்கும் போகும். இன்னொரு வசதி, இரண்டு வளையத்தையும் ஒருபக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்து இறுக்கினால் உருளை முழுவதும் சில மில்லிமீட்டர் நகரும், செயின் நேர்கோட்டை, அதாவது முன், பின் பல்சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்பதைச் சரியாக வைக்கலாம். பின்னால் ஒற்றைப் பல்சக்கரம் போட்டவர்களுக்கு இது வரப்பிரசாதம். கம்பக்னோலோ கிராங்குக்கான ஐஎஸ்ஓ சதுரம், ஜப்பானியக் கிராங்குக்கான ஜேஐஎஸ் சதுரம் என்று இரண்டு இருக்கின்றன. சாய்வு ஒன்றுதான், முனையின் தடிப்பு வேறு. மாற்றிப் போட்டால் கிராங் சில மில்லிமீட்டர் உள்ளே போகும் அல்லது வெளியே நிற்கும். அந்த ஐஎஸ்ஓ வகையில் நல்லது வேண்டுமென்றால் சின்னவர்களிடம்தான் தேட வேண்டி வரும். உங்களுடையது ஜப்பானியக் கிராங், ஜேஐஎஸ். அந்தக் கவலை இல்லை.

சின்னவர்களிடம் பட்ட அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். ஒருவர் நல்ல பணம் கொடுத்து வெளிநாட்டுப் பட்டறை ஒன்றின் வெளிப் பேரிங் வகையை வாங்கி வந்தார். வேலைப்பாடு அழகு, கப்பில் ஒரு கீறல் கிடையாது. இரண்டாம் மழைகாலத்துக்குப் பிறகு ஒரு பக்கம் இறுகியது. கழற்றினால் பேரிங்கில் இலக்கம் இல்லை. அளந்தால் வெளிவிட்டம் வழக்கத்தில் இல்லாத ஒரு அளவு. பட்டறைக்கு எழுதினோம். பதில் இல்லை, கொஞ்ச நாளில் இணையத்தளமும் இல்லை. அலுமினியக் கப் இரும்பு பிரேமில் உப்போடு சேர்ந்து பிடித்துப் போனதால், கப்பை வைசில் கவ்வி, பிரேமையே ஸ்டியரிங் போலப் பிடித்து இரண்டு பேர் திருப்ப வேண்டி வந்தது. அன்றில் இருந்து, புதிய சின்னப் பட்டறைச் சாமானோடு யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது பேரிங்கின் இலக்கம் என்ன என்பதைத்தான். பொது இலக்கமாக இருந்தால் பட்டறை நாளை மூடினாலும் பஞ்சிகாவத்தை மூடாது. பிடித்துப் போகாமல் இருக்க, பூட்டும்போது திரெட் முழுக்கக் கிரீஸை அள்ளிப் பூச வேண்டும். ஆண்டி சீஸ் என்ற, திரெட் பிடித்துப் போகாமல் தடுக்கும் பசை கிடைத்தால் இன்னும் நல்லது.

செராமிக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். குண்டு துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் வழக்கமாக வரும் வகைகளில் அது ஓடும் பாதை இரும்புதான், அது துருப்பிடிக்கும். துருப்பிடித்த பாதையில் அந்தக் கடினமான குண்டு இன்னும் வேகமாகக் கிண்டும். நல்ல இரும்புக் குண்டோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் சக்தி ஒரு வாட்டைச் சுற்றித்தான் இருக்கும். எண்ணெய் போடாத செயின் அதைவிடக் கூட விழுங்கும். நமது கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத இரும்புப் பேரிங் அதைவிடப் பொருத்தம். ஹோப் அப்படிப் போடுகிறது. அது வழக்கமான பேரிங் இரும்பைவிடச் சற்று மென்மை, பாரம் தாங்குவதில் கொஞ்சம் குறைவு, ஆனால் வேலைக்குப் போய் வருபவருக்கு அது ஒரு பொருட்டல்ல. கடையில் கையால் சுற்றிப் பார்த்து, லேசாகச் சுழல்வதுதான் நல்லது என்று முடிவெடுக்கவும் வேண்டாம். புதிய, நன்றாகக் கிரீஸ் அடைத்த, சீல் இறுக்கமான பேரிங் கையில் பிசுக்கென்று மெதுவாகத்தான் திரும்பும். காற்றாடி போலச் சுற்றுவது அனேகமாகக் கிரீஸ் குறைந்தது.

இதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்கிறேன். வடிகால் இல்லாத பிரேமில் எந்தப் பீபீயும் நிலைக்காது என்பது உறுதி. முகம் சீவாமல் விலை உயர்ந்ததைப் பூட்டுவது காசை வீணாக்குவது என்பதும் உறுதி. பில் வூட் உங்கள் பாதையில் எத்தனை வருடம் தாங்கும் என்பதில் என் பேச்சுக்குப் பலம் குறைவு. யூஎன் வகை நூற்றுக்கணக்கில் பூட்டிக் கழற்றியிருக்கிறேன்; பில் வூட் என் கையில் வந்தது ஒரு கை விரலுக்குள். அதில் ஒன்று பதினொரு வருடமாக இன்னும் ஓடுகிறது. ஆனால் அதன் சொந்தக்காரர் மழையில் சைக்கிளை எடுக்காதவர், மாதம் ஒரு தடவை துடைத்து வைப்பவர். ஆகவே அந்தப் பதினொரு வருடத்தில் கொம்பனிக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. விலை ஐந்து மடங்கு என்பதால் ஆயுளும் ஐந்து மடங்கு என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். "பிறகு அந்தப் பக்கமே பார்க்கத் தேவையில்லை" என்ற வாக்குறுதியை உண்மையில் தருவது மூடிய, மலிவான உருளைதான். அதுவும் தேய்ந்ததும் மாற்றிவிடுவீர்கள் என்ற கணக்கில். சின்னப் பட்டறைச் சாமான் கேட்பது கவனிப்பை. அதற்குப் பதிலாக நீண்ட காலம் உங்களோடு இருக்கும்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் டிசம்பர் வரை காத்திருக்கமாட்டேன். ஆட்டத்தோடு ஓடினால் கிராங்கின் சதுர ஓட்டையும் சேர்ந்து தேயத் தொடங்கும். கிராங் போனால் செலவு வேறு கணக்கு. முதலில் சத்தம் உண்மையிலேயே பீபீயில் இருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். செயினைப் பல்சக்கரத்தில் இருந்து இறக்கிவிட்டு, கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றும்போது சீட் குழாயில் மற்றக் கையை வையுங்கள், கரகரப்பு விரலில் தெரியும். தெரியாவிட்டால் பெடலையும் சீட் தண்டையும் சந்தேகியுங்கள். ஆட்டம் இரண்டு கிராங்கிலும் ஒன்றாகத் தெரிந்தால் பேரிங். ஒரு பக்கத்தில் மட்டும் தெரிந்தால் அந்தக் கிராங்கின் போல்ட் தளர்ந்திருக்கலாம். பேரிங்தான் என்று ஆகிவிட்டால் திரெட் அடித்து, முகம் சீவி, வடிகால் பார்த்து, யூஎன்300 பூட்டிவிடுங்கள்.

பிறகும் இந்தப் பிரேமை இருபது வருடம் வைத்திருக்கப் போகிறேன் என்ற எண்ணம் இருந்தால், அக்காவிடம் பில் வூட்டைச் சொல்லுங்கள், அது வீண் செலவு இல்லை. ஆனால் பழைய உருளையைக் கழற்றியதும் அச்சின் முழு நீளத்தை முனையில் இருந்து முனைக்கு அளந்து எழுதி வையுங்கள். பக்கத்திலேயே 113 அல்லது 118 என்று அச்சடித்திருந்தாலும் ஒரு தடவை அளந்து பாருங்கள், முன்பு யாராவது பிழையான நீளத்தைப் போட்டிருக்கக்கூடும். செயின் நேர்கோடு சரியாக இருந்ததா என்பதையும் கழற்றுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். சாமானோடு அதன் வளையங்களுக்கான ஆயுதமும் வர வேண்டும், முடிந்தால் இரண்டு, ஏனென்றால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிடித்து இறுக்கினால்தான் நீங்கள் வைத்த இடத்தில் உருளை நிற்கும். அதற்குரிய பேரிங் ஒரு சோடியும் அதே பெட்டியில் வரட்டும். இவ்வளவும் ஒரு சப்பாத்துக்குள் அடங்கும், பயணப் பையில் பாரமும் ஏறாது. கழற்றும் யூஎன்300ஐ எறிந்துவிடாதீர்கள், துடைத்து எண்ணெய் தடவிய கடதாசியில் சுற்றி வையுங்கள். பில் வூட்டைப் பேரிங் மாற்றக் கொடுக்கும் கிழமையில் அதுதான் உங்களை வேலைக்குக் கொண்டு போகும்.